கடலடியிலேயே விட்டுவந்த விமானம்: எமிலியானோ சாலா விபத்தின் காரணம் எப்படித் தெரிந்தது?

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த சிறிய விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதில் கருப்புப் பெட்டி கிடையாது. விமானத்தைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. விமானியின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்படியிருக்க, காரணத்தை எப்படி எழுதினார்கள்? அது வெறும் ஊகம்தானே? விமானத்தை ஏன் எடுக்கவில்லை?

சந்தேகம் நியாயமானது. ஆனால் பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கையை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். சில முடிவுகளை நேராகச் சொல்கிறார்கள். சிலவற்றுக்கு முன்னால் மட்டும் 'அநேகமாக' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போடுகிறார்கள். அந்தச் சொல் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். சாலாவுக்கு அப்போது 28 வயது. பிரான்சின் நான்ட் அணியிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் சிட்டி அணிக்கு 1.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தமாகியிருந்தார். அந்த அணி அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பழைய அணித் தோழர்களிடம் விடைபெற்று வர நான்ட் போயிருந்தார். திரும்புவது ஜனவரி 21 காலை 9 மணிக்கு என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டதால் அதை இரவு 7 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். காலை இரவானது என்ற இந்த ஒரு மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

விமானம் 1984-ல் தயாரான பைப்பர் மாலிபு. ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சின். பிரிட்டன் நேரப்படி இரவு 7:15-க்குக் கிளம்பி, 5,000 அடி உயரத்தில் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தது. வழியில் மேகமும் மழையும் இருந்தன. மேகத்துக்குள் போய்விடாமல் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி பறப்பதற்காக, கீழே இறங்க வேண்டும் என்று விமானி ஜெர்சி தீவின் கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்டார். 8:16-க்கு, கெர்ன்ஸி தீவுக்கு வடக்கு-வடமேற்கே சுமார் 22 கடல் மைல் தூரத்தில், ரேடார் திரையிலிருந்து விமானம் மறைந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை.

விமானம் கிளம்புவதற்கு முன் சாலா நண்பர்களுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்று அப்போது உலகம் முழுக்கப் பரவியது. விமானம் பிய்ந்து விழுந்துவிடும் போலிருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். கேட்கும்போது மனதைப் பிசையும். அதைக் கேட்டவர்கள் 'ஓட்டை விமானம், அதனால்தான் விழுந்தது' என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு பயணியின் பயம் காரணத்துக்குச் சான்று ஆகாது. சான்று வேறு இடங்களிலிருந்து வந்தது.

முதல் சான்று ரேடார். கருப்புப் பெட்டி பெரிய பயணி விமானங்களுக்குத்தான் கட்டாயம். இந்த அளவுள்ள விமானங்களுக்கு அல்ல. ஆனால் விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர், தரையிலிருந்து வரும் ஒவ்வொரு ரேடார் துடிப்புக்கும் தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். டிரான்ஸ்பாண்டர் செத்துப்போனாலும் உலோக உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வேறொரு ரேடார் பிடிக்கும். இந்தப் புள்ளிகளை வரிசையாக வைத்தால் கடைசி நிமிடங்களின் கோட்டுப்படம் கிடைத்துவிடும். இந்த விபத்தில் அந்தக் கோடு திரும்புகிறது, வேகமாக இறங்குகிறது, பிறகு மேலே ஏறுகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. நேராகப் பறக்கும்போது எஞ்சின் மட்டும் நின்றுபோன விமானம் இப்படிப் போகாது; அது மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டே இறங்கும். ஆகவே விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்பதற்கு முன்னால் அறிக்கையில் 'அநேகமாக' இல்லை.

இரண்டாவது, மிச்சங்கள். தேடல் ஜனவரி 24-ல் நிறுத்தப்பட்டது. அப்புறம் சில நாளில் பிரான்சின் நார்மண்டி கரையில், சுர்டன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில், இரண்டு இருக்கை மெத்தைகள் ஒதுங்கின. நனைந்து ஊறிய இரண்டு மெத்தைகள். அந்த விமானத்திலிருந்து மேலே வந்த முதல் பொருள்கள் அவைதான். கடைசி ரேடார் புள்ளியையும் மற்ற தகவல்களையும் வைத்து சுமார் 4 சதுரக் கடல் மைல் பரப்பைத் தேட முடிவு செய்தார்கள். மக்கள் கொடுத்த நன்கொடையில் குடும்பம் அமர்த்திய கடலடித் தேடல் நிபுணர் டேவிட் மெர்ன்ஸின் கப்பலும், விசாரணைப் பிரிவின் கப்பலும் அந்தப் பரப்பைப் பங்கிட்டுக்கொண்டன. பிப்ரவரி 3-ந் தேதி தேடத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் மெர்ன்ஸின் சோனார் கருவியில் விமானம் தெரிந்தது. ஆழம் 68 மீட்டர்.

அப்புறம் கேமரா பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியைக் கீழே அனுப்பினார்கள். அந்தப் படங்கள் பார்க்க எளிதானவை அல்ல. விமானம் மூன்று பெரிய துண்டுகளாகக் கிடக்கிறது. முன்பக்கத்திலிருந்து எஞ்சின் பிய்ந்திருக்கிறது. உடல் இறக்கைக்குப் பின்னால் ஒடிந்திருக்கிறது. மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுக் கேபிள்களும்தான் துண்டுகளை இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன. இடது இறக்கையின் வெளிப்பகுதி அந்த இடத்திலேயே இல்லை. தண்ணீரில் மோதி உடைந்தது மட்டும் என்றால், உடைந்த பெரிய பாகங்கள் பொதுவாக ஒரே இடத்தில்தான் கிடக்கும். ரேடார் கோட்டையும் இந்தப் படங்களையும் சேர்த்துப் பார்த்து, விமானம் வானத்திலேயே உடையத் தொடங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். தாங்கக்கூடிய வேகத்தைவிட மிக அதிக வேகத்தில் விமானம் வளைக்கப்பட்டதுதான் உடைந்ததற்குக் காரணம்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் பலர் 'பழைய விமானம் உடைந்தது' என்று இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேகக் கணக்கு உண்டு. அந்த வேகத்துக்குக் கீழே இருக்கும்போது விமானி கட்டுப்பாட்டுப் பிடியை வெடுக்கென்று முழுதும் இழுத்தால், இறக்கை தன் தூக்குவிசையை இழக்குமே தவிர ஒடியாது. அதற்கு மேலே போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் இறக்கை தூக்கக்கூடிய விசை நான்கு மடங்காகும். இருட்டில் விமானம் மூக்கைக் கவிழ்த்து வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது, பயந்துபோன ஒருவர் பிடியைப் பலமாக இழுத்தால் புத்தம்புதிய இறக்கையும் ஒடியும்.

சரி, கட்டுப்பாடு ஏன் போனது? இங்கேதான் மூன்றாவது சான்று வருகிறது. மற்ற இரண்டையும்விட இது என்னை அதிகம் உலுக்கியது.

பிப்ரவரி 6 இரவு ஒரு உடலை மேலே எடுத்தார்கள். மறுநாள் அது சாலா என்று உறுதியானது. இரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினின் அளவு 58 சதவீதம். ஆரோக்கியமான ஒருவருக்கு 50 சதவீதத்துக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. இந்த எண்ணை விசாரணைப் பிரிவு இறுதி அறிக்கைக்குக் காத்திருக்காமல் 2019 ஆகஸ்டிலேயே சிறப்பு அறிவிப்பாக வெளியிட்டது. அதே மாதிரி எஞ்சினுடன் இன்னும் எத்தனையோ பேர் பறந்துகொண்டிருந்தார்கள் என்பதால் அது சரியான முடிவு.

அந்த எண் எவ்வளவு பேசுகிறது என்று பாருங்கள். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மணிக்கணக்காகும். அதாவது ஆக்சிஜன் ஏற வேண்டிய வண்டியில் பாதிக்கு மேற்பட்ட இருக்கைகளை வேறு யாரோ பிடித்துக்கொண்டுவிட்டார்கள். இதைவிட முக்கியமான விஷயம், இந்த வாயு நுரையீரல் வழியாக மட்டுமே இரத்தத்துக்குள் இப்படிச் சேரும். மூச்சு நின்ற பிறகு அளவு ஏறாது. உடலிலும் அது எளிதில் மறையாது. ஆகவே இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கடலடியில் இருந்த உடலும், அந்த இரவில் விமானத்தின் பயணி அறைக்குள் அவர் என்ன சுவாசித்தார் என்பதைச் சொல்லிவிட்டது. எந்தக் கருப்புப் பெட்டியும் இதைப் பதிவு செய்திருக்காது.

வாயு எங்கிருந்து வந்தது? பிஸ்டன் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு தாராளமாக இருக்கும். இப்படிப்பட்ட விமானங்கள் பலவற்றில் குளிருக்கு அறையைச் சூடாக்க, கொதிக்கும் புகைக்குழாயைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி அந்தச் சூட்டை உள்ளே கொண்டுவருவார்கள். குழாய் சரியாக இருக்கும்வரை புகை வெளியே, சூடு உள்ளே. ஒரு விரிசல் விழுந்தால் இரண்டும் உள்ளே. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மந்தம், தூக்கக் கலக்கம், அப்புறம் முடிவெடுப்பதில் குழப்பம் என்று வரும். நீண்ட நாளின் களைப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தன் மூளை சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதானே.

இப்போது அந்த 'அநேகமாக'வுக்கு வருவோம். விமானியின் உடல் கிடைக்காததால் அவர் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. இருவரும் ஒரே சிறிய அறையில், ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். அதனால் விமானியும் அநேகமாக பாதிக்கப்பட்டிருந்தார் என்று எழுதினார்கள். மயங்கிவிட்டார் என்று எழுதவில்லை, ஏனென்றால் மறைவதற்குச் சற்று முன்புவரை அவர் ரேடியோவில் பேசியிருக்கிறார். கடைசித் திருப்பத்தைக் கையால்தான் இயக்கியிருக்கிறார். அந்தத் திருப்பம் எதற்கு? அநேகமாக, மேகத்துக்கு வெளியே இருக்க, அல்லது உள்ளே போய்விட்ட பிறகு வெளியே வர. இங்கேயும் 'அநேகமாக' இருக்கிறது, ஏனென்றால் ஒருவர் மனதில் இருந்ததை ரேடார் காட்டாது.

இரவில், கடல் மேல், மேகத்துக்குள் கையால் திரும்புவது எவ்வளவு கொடிது என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். எது மேல், எது கீழ் என்று நமக்குச் சொல்வது பெரும்பாலும் கண். கண்ணுக்கு அடிவானம் இல்லையென்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. அந்த உறுப்பு ஒரே சீராகத் தொடரும் திருப்பத்தைக் கொஞ்ச நேரத்தில் 'நேராகப் போகிறோம்' என்று எடுத்துக்கொள்ளும். நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று அலறும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிற்சியும், விடாத பழக்கமும் வேண்டும். 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் தானே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் விழுந்ததற்கும் அமெரிக்க விசாரணையாளர்கள் இந்தத் திசைக் குழப்பத்தைத்தான் சொன்னார்கள். அங்கே விஷவாயு எதுவும் இல்லை. இருட்டும் பனிமூட்டமுமே போதுமாக இருந்தன. சாலா விமானத்தில் அதோடு வாயுவும் சேர்ந்தது.

வாயுதான் காரணம் என்று இங்கே நிறுத்திவிடலாமா? அறிக்கை நிறுத்தவில்லை. நான் மிகவும் மதிக்கும் பகுதி அதுதான்.

அந்த விமானியிடம் இருந்தது தனியார் விமானி உரிமம். அதை வைத்துக்கொண்டு கூலி வாங்கிப் பயணிகளை ஏற்றக் கூடாது. இரவில் பறக்கும் தகுதியும் அவருக்கு இல்லை, பயிற்சியும் இல்லை. இந்த வகை விமானத்தை ஓட்ட வேண்டிய தகுதி 2018 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. கருவி பார்த்துப் பறப்பதில் சமீபத்திய பழக்கம் இல்லை. விமானத்தையும் பயணிகளை வணிக ரீதியாக ஏற்றிச் செல்ல யாரும் அனுமதித்திருக்கவில்லை. இப்போது அந்தக் காலை 9 மணியை நினைத்துப் பாருங்கள். முறையான நிறுவனம் ஒன்று இந்தப் பயணத்தை நடத்தியிருந்தால், நேரம் இரவுக்கு மாறிய நொடியில் 'இந்த விமானியை அனுப்ப முடியாது' என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். சொல்லும் கடமையுள்ள ஆள் அங்கே இருந்திருப்பார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. வணிகப் பயணத்துக்கான பாதுகாப்பு நெறிகளின்படி இந்தப் பயணம் நடக்காததே கட்டுப்பாடு இழக்கும் வாய்ப்பைக் கூட்டியது என்று அறிக்கை சொல்கிறது. 'அவருக்கு உரிமம் இருந்திருந்தாலும் வாயு வந்திருக்குமே' என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்திருக்கலாம். ஆனால் வாயு வருவதும் இருட்டில் மேகத்துக்குள் கையால் திருப்புவதும் ஒரே நேரத்தில் நடந்திருக்க வேண்டியதில்லை.

விசாரணைப் பிரிவு யாரையும் குற்றவாளி என்று சொல்லாது. உலகம் முழுக்க இந்த விசாரணைகளின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான்; சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-வது இணைப்பு அப்படித்தான் வகுத்திருக்கிறது. குற்றம் தேடுவது காவல்துறையின், நீதிமன்றத்தின் வேலை. அது தனியாக நடந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு, விமானத்தின் பாதுகாப்பை ஆபத்துக்கு உள்ளாக்கியதற்காக 2021 நவம்பரில் கார்டிஃப் நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்தது. 2022 மார்ச்சில் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, மோதலில் தலையிலும் உடலிலும் பட்ட காயங்களால் சாலா இறந்தார் என்றும், வாயுவின் விஷத்தால் அப்போது அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார் என்றும் முடிவு சொன்னது. கடைசி நிமிடத்தில் மகன் என்ன பாடுபட்டானோ என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அந்த மயக்கம் பற்றிய வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

விமானத்தை ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். 2019 பிப்ரவரியில் உடலை எடுத்த பிறகு விமானத்தையும் தூக்க முயன்றார்கள். கடல் இடம் கொடுக்கவில்லை. வானிலை கெட்டு, கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது. பிறகு யோசித்து, வேண்டாம் என்று விசாரணைப் பிரிவே முடிவு செய்தது. விரிவான வீடியோ பதிவு கையில் இருந்தது. அவ்வளவு வேகத்தில் மோதி நொறுங்கி, அலையில் மாதக்கணக்காக அடிபட்ட பாகங்களிலிருந்து புதிதாக எதுவும் தெரியும் என்று அவர்கள் நினைக்கவில்லை. குடும்பம் இதை ஏற்கவில்லை. விரிசல் சரியாக எந்த இடத்தில் என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று என்பது என் வருத்தமும்கூட. விமானி கட்டுப்பாட்டை இழந்ததும் விமானம் உடைந்ததும் இதனால் மாறப்போவதில்லை என்பதும் உண்மை.

புகைக்குழாயை அவ்வப்போது பரிசோதித்தால் மட்டும் இந்த ஆபத்து நீங்கிவிடாது என்று அறிக்கை வெளிப்படையாக எழுதியது. அந்த விமானத்தில் சத்தமிட்டு எச்சரிக்கும் வாயு உணர்கருவி இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி அது. அது ஒலித்திருந்தால், சூடாக்கியை நிறுத்தி, வெளிக்காற்றை உள்ளே விட்டு, பக்கத்துத் தீவு எதிலாவது இறங்க விமானிக்கு நேரம் கிடைத்திருக்கக்கூடும். பிஸ்டன் விமானங்களில் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று விசாரணைப் பிரிவு பரிந்துரைத்தது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 ஜனவரி 1 முதல் அதை விதியாக்கியது. ஆனால் விமானி உரிமம் இல்லாத பயணிகளை ஏற்றும்போது மட்டும்தான் அது பொருந்தும். தனியாகவோ, இன்னொரு விமானியோடோ போகிறவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆபத்தை அறிந்து ஏற்கிறவர்கள் என்ற கணக்கு அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எத்தனை வருட அனுபவம் உள்ள விமானிக்கும் அந்த வாயுவின் மணம் தெரியாது.